சின்ன இன்னாசி வந்த வருஷம்

பத்தொன்பது வருஷம் உறைபனியில் கிடந்த இன்னாசியின் உயிரணுக்களை மதுரையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வெளியே எடுத்துப் பாசிக்கூழில் பதித்த அந்தக் காலையில், சங்குவலசைக் கடலில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்க முங்கியிருந்த அவனுடைய அம்மா அமலோற்பவத்தின் கையை, பாசிக்கு நடுவிலிருந்து இன்னொரு கை வந்து பிடித்துக்கொண்டது; அவள் அதை இழுத்துக்கொண்டு மேலே வந்து பார்த்தபோது அது எட்டு வயது இன்னாசியாக இருந்தது. அறுவைக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் உடுத்திவிட்ட பச்சை அங்கி முதுகுப்பக்கம் நாடா அவிழ்ந்து அவன் உடம்போடு ஒட்டிக்கிடந்தது. தலை நிறைய முடி. அவன் உப்புக் கண்ணைக் கசக்கிவிட்டு, "அம்மா, பசிக்குது" என்றான்.

வள்ளத்தில் இருந்த பெண்கள் முங்குகிற கண்ணாடியைக் கழற்றி நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்கள். கடலில் முங்குகிறவர்களுக்குக் கடல் எதைத் தரும், எதைத் தராது என்று முன்கூட்டித் தீர்மானம் ஏதும் கிடையாது.

"ஏடி அமலோற்பம், உம் மகன்டி," என்றாள் மிக்கேலம்மா. "இத்தனை பொம்பளைக மத்தியில பின்பக்கத்தத் தொறந்து போட்டுக்கிட்டு நிக்கிறான் பாரு. ஒரு துணியக் குடு."

அமலோற்பவம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவனுக்குச் சுற்றிவிட்டாள். சோற்றுச் சட்டியைத் திறந்து நீராகாரமும் சுட்ட கருவாடும் கொடுத்தாள். அவன் தின்றுகொண்டிருக்கும்போதே, அதே கரையில், துறைக்குப் பக்கத்து ஐஸ் கம்பெனியில், இருபத்தேழு வயது இன்னாசி மீன்பெட்டிகளுக்கு ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த நேரத்தில் காரணமில்லாமல் பசித்ததாகப் பிறகு சொன்னான்.

நடந்தது இவ்வளவுதான். இன்னாசிக்கு எட்டு வயதில் ரத்தத்தில் புற்று வந்தது. மருந்து ஏற்றுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: இந்த மருந்து பிள்ளையைக் காப்பாற்றும், ஆனால் நாளைக்கு அவன் தகப்பனாவதற்கு உரியதை எரித்துவிடும், எட்டு வயதில் விந்து கிடையாது, விந்தை என்றைக்கோ ஈனப்போகிற மூல அணுக்கள் மட்டும்தான் உண்டு, அதில் ஓர் அரிசி அளவு வெட்டியெடுத்துப் பனியில் வைத்துவிடலாம், அதை வைத்து என்ன செய்வது என்று இப்போது யாருக்கும் தெரியாது, பிள்ளை வளர்வதற்குள் யாராவது கண்டுபிடிப்பார்கள். பாசிக்கு வேர் மாதிரி என்று அமலோற்பவம் விளங்கிக்கொண்டு தலையாட்டினாள். பிள்ளை பிழைத்தான். ஆனால் திரும்பி வந்த பிள்ளையை அவள் கண்ணாடிச் சாமானைப் போலத்தான் தொட்டாள். ஒருநாள்கூட அடிக்கவில்லை, ஒருநாள்கூட வையவில்லை, அவன் தும்மினால் இரவெல்லாம் செபமாலை உருட்டினாள். புருஷன் நெஞ்சுவலியில் போன பிறகு இன்னும் பயந்தாள். அவன் முகத்தைப் பார்த்தால் எங்கே நோய் தெரிந்துவிடுமோ என்று தட்டைப் பார்த்துச் சோறு போடக் கற்றுக்கொண்டாள். அப்படியே அவன் வளர்ந்து, விஷயத்தை எல்லாம் சொல்லி, ஜெசிந்தாவைக் கட்டினான்.

கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து மூன்று பேருமாக மதுரைக்குப் போனார்கள். டாக்டர் மெகருன்னிசா மெலிந்த கைகளும் பொறுமையான குரலும் உள்ளவர். "சும்மா ஒரு தட்டையான கண்ணாடித் தட்டுல வெச்சா இந்த அணுக்கள் படுத்துக்கும்மா," என்றார். "படுத்துக்கிட்டு, தான் யாருங்கிறதையே மறந்துரும். உடம்பு தட்டையாவா இருக்கு? அதுக்குச் சுத்திலும் சுவர் வேணும், கூரை வேணும், பக்கத்து வீட்டு அரவம் வேணும். அதனால ஜெல்லுல தேன்கூடு மாதிரி ஒரு வீடு கட்டி அதுல குடி வைக்கப்போறோம்."

"அந்த ஜெல்லு எதுல செய்றிய?" என்று கேட்டாள் அமலோற்பவம்.

"கடல்பாசியிலதாம்மா."

எந்தப் பாசி என்று கேட்டாள். டாக்டர் தமக்குத் தெரிந்த பெயரைச் சொன்னார், செல்போனில் படமும் காட்டினார். அமலோற்பவம் அந்தப் படத்தையும், பாறையில் உரசி உரசி ரேகை அழிந்துபோன தன் விரல்களையும் மாறிமாறிப் பார்த்தாள். "இது நாங்க பறிக்கிறதுதான்," என்று மருமகளிடம் மெதுவாகச் சொன்னாள்.

அதனால் பிள்ளை எந்த வழியாக வந்தான் என்பதில் சங்குவலசையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவனை என்ன செய்வது என்பதில்தான் பேச்செல்லாம். ஒரே தெருவில் ஒரே பெயரில் ஒரே ஆள் இரண்டு பேராக இருந்தால் எப்படிக் கூப்பிடுவது என்ற சிக்கலை, பெரிய இன்னாசி, சின்ன இன்னாசி என்று முதல் நாளே தீர்த்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, மூன்றாம் வகுப்பில் பாதியில் நின்ற பையன் மூன்றாம் வகுப்பில்தான் தொடரவேண்டும் என்றார், அது நியாயமாக இருந்தது. சின்ன இன்னாசி தன் கூட்டாளி லியோனைத் தேடி வகுப்புக்குள் எட்டிப்பார்த்தான். லியோன் இப்போது மீசையும் தொப்பையுமாக விசைப்படகு ஓட்டிக்கொண்டிருந்தான். ஆனால் லியோனின் மகன் அதே பெஞ்சில், அதே மூக்கோடு உட்கார்ந்திருந்ததால், சின்ன இன்னாசி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தான். அந்தப் பையனும் பதில் சொன்னான்.

பங்குச் சாமியாரிடம் கேட்டார்கள், ஆத்துமா ஒன்றா இரண்டா என்று. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "ஆத்துமா ஒண்ணாத்தான் இருக்கணும்," என்றார். "ஆனா பசி ரெண்டு இருக்குது. அதனால ரெண்டு தட்டு வைங்க." பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை வகுப்பிலும் அவனைச் சேர்த்துக்கொண்டார்; ஒருத்தனுக்கு இரண்டு தடவை புதுநன்மை கொடுத்தால் ஆயர் கேட்கமாட்டாரா என்று கோவில் மணியடிக்கிற கோவில்பிள்ளை இழுத்தபோது, ஆயருக்கு யார் சொல்லப்போகிறார்கள் என்றார்.

சின்ன இன்னாசி படுத்த பாய் காலையில் ஈரமாக இருந்தது, கடல்வாடை அடித்தது. அவன் தொட்ட தம்ளரில் மெல்லிய கூழ் படிந்தது. அதையெல்லாம் துடைத்துப் பழகிக்கொண்டார்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் அணுக்களுக்குப் புது ஊட்டநீர் மாற்றும் நாட்களில் அவன், "வயிறு நெறஞ்சு கெடக்கு" என்று வஞ்சிரத்தைக் கூட ஒதுக்கிவிடுவான். ஒருநாள் மதுரையில் கரண்ட் போய், அணுக்களைக் கதகதப்பாக வைத்திருந்த பெட்டி அணைந்தது. ஜெனரேட்டர் பிடிப்பதற்குள், உச்சிவெயிலில் மணலில் விளையாடிக்கொண்டிருந்தவன் பல் கிட்டி நடுங்கினான். தெருப்பெண்கள் வீட்டிலிருந்த சேலை, போர்வை, படகுத் தார்ப்பாய் எல்லாவற்றையும் கொண்டுவந்து மூடி, சுற்றி நெருப்பு மூட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில், மதுரையில் சொந்தக்காரர் இருந்தவர்கள் எல்லாரும், காலையில் எழுந்ததும் போன் போட்டு, சுகம் விசாரிக்கும் முன்னால், "அங்க கரண்டு இருக்கா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டார்கள்.

"அப்பா எங்க?" என்று அவன் கேட்டான். கடலுக்குப் போயிருக்காக என்றாள் அமலோற்பவம். அவன் போய் அடுத்த வீட்டில் கேட்டான், கடலுக்குப் போயிருக்காக என்றார்கள். லியோனிடம் கேட்டான். லியோன் தன் படகைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "தங்கலுக்குப் போயிருக்காக மாப்ள, வர நாளாகும்" என்றான். ஊர் முழுக்க யாரும் கூடிப் பேசாமல் ஒரே பதிலைச் சொன்னது.

அந்த மாதங்களில்தான் தெருக்காரர்கள் அமலோற்பவத்தின் சிரிப்பைத் திரும்பக் கேட்டார்கள். அவளுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருந்ததே பலருக்கு மறந்துபோயிருந்தது. அவள் சின்ன இன்னாசியைக் காதைத் திருகிக் குளிப்பாட்டினாள், புத்தகப்பையைக் கடலில் நனைத்ததற்கு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கோவிலைச் சுற்றி மூன்று சுற்று விரட்டினாள், பிடித்து இரண்டு போட்டாள், போட்ட கையோடு இழுத்து அணைத்து அவன் உச்சந்தலையை முகர்ந்தாள். மருந்து ஏறுவதற்கு முந்தின பிள்ளை. எதிலும் பயமில்லாத பிள்ளை. அவளும் எதற்கும் பயப்படாமல் வளர்த்த பிள்ளை. ஜெசிந்தா கூட அவனுக்குச் சோறு ஊட்டினாள். "எம் புருசனுக்கு நானே மூக்குச் சிந்தி விடுறேன்," என்று பெண்களிடம் சொல்லிச் சிரித்தாள், "எந்தப் பொம்பளைக்கு வாய்க்கும் இந்தப் பாக்கியம்?" சிரித்து முடித்ததும் சும்மா கடலைப் பார்த்தாள்.

பெரிய இன்னாசி மட்டும் வேலை முடிந்து வந்து, ஐஸ் பிடித்துச் சிவந்த கைகளைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து அம்மா சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். பையன் அவனை அண்ணே என்று கூப்பிட்டான். அண்ணே, நண்டுப் பொந்து காட்டவா? அண்ணே, உங்களுக்கு நீந்தத் தெரியாதாமே? தெரியும், ஒரு காலத்தில் தெரியும் என்பான் பெரியவன்.

பிறகு டாக்டர் மெகருன்னிசா கூப்பிட்டார். அணுக்கள் நன்றாகப் பெருகிவிட்டன என்றார். ஆனால் தம்மைப் போலவே, இன்னும் இன்னும் மூல அணுக்களாகத்தான் பெருகுகின்றன. இப்படியே விட்டால் இப்படியே இருக்கும், ஒன்றும் ஆகாது. இனி ஊட்டநீரை மாற்றவேண்டும், அப்போதுதான் அவை முற்றி, வால் முளைத்து, விந்தணுவாகும்.

"முத்துனா பழையபடி ஆகுமா?" என்று கேட்டாள் அமலோற்பவம்.

"ஆகாதும்மா. ஆனது ஆனதுதான்."

"அப்ப இங்க இருக்கவன்?"

 சின்னவனைப் பற்றி டாக்டருக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். காய்ச்சல் வருகிறதா, எடை கூடுகிறதா என்று கேட்டுக்கொண்டதற்கு மேல் அவரும் ஆச்சரியப்பட்டதில்லை. "அவன் இருக்கிறது இந்த அணுக்கள் இப்படியே இருக்கிறதாலதாம்மா," என்றார்.

முடிவு சொல்லவேண்டியவன் பெரிய இன்னாசி, அவனுடைய உடம்பு. ஆனால் அவன், "அவனைப் பெத்தது நீ. நீ சொல்லு, நான் தலையாட்டுறேன்" என்று அம்மாவிடம் விட்டுவிட்டான். அமலோற்பவம் கொடியேற்றம் முடியட்டும் என்றாள். கொடியிறக்கம் முடியட்டும் என்றாள். மீன்பிடித் தடைக்காலம் கழியட்டும், புதுநன்மை முடியட்டும், கச்சான் காற்று அடங்கட்டும். ஜெசிந்தா ஒன்றும் சொல்லவில்லை, மாதாமாதம் அவள் முகம் மட்டும் சொல்லியது. ஊர் பேச்சைக் குறைத்துக்கொண்டது. யாருக்கு நியாயம் சொன்னாலும் ஒரு பிள்ளையைக் கொல்கிற சொல்லாக இருந்தது.

வள்ளத்தில் மிக்கேலம்மாதான் ஒருநாள் வாயைத் திறந்தாள். "ஏன்டி, மருமக ஆசையில ஒனக்கு ஒரு பங்குகூட இல்லையா?"

"அவளுக்கு வயசு கெடக்கு."

"வயசா? கல்யாணமாகி அஞ்சு பெருநாள் போயிருச்சு. ஒனக்கு ஒரு புள்ள போதாம ரெண்டு கேக்குது. அவளுக்கு ஒண்ணு கேட்டா அது பேராசையா?"

அன்று வீட்டுக்கு வந்து அமலோற்பவம் அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து, அதுவரை எதையும் கேட்காத பெரிய இன்னாசி, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, திரும்பாமலே சொன்னான்: "நீ பெத்தது அவனைத்தாம்மா. என்னைய ஆஸ்பத்திரிதான் பெத்துச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து பத்திரமா வச்சிருந்தே, அவ்வளவுதான். ஒருநாளாச்சும் என்னைய விளக்குமாத்தத் தூக்கிக்கிட்டு வெரட்டியிருக்கியா?"

அவள் கவிழ்த்த சட்டியை எடுத்து மறுபடி கழுவினாள்.

அடுத்த நாள் முங்கியபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. பாசி பறிக்கிற பெண்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: நுனியைக் கிள்ளலாம், கல்லைப் பிடித்திருக்கிற வேரைத் தொடக்கூடாது. வேரோடு பிடுங்கியவளை வள்ளத்தில் ஏற்றமாட்டார்கள். வேர் இருந்தால் மறுபடி தழைக்கும், இன்றைக்குக் கிள்ளியதைப் போன்றே தழைக்கும், அவள் அம்மா கிள்ளிய கல்லில்தான் அவளும் கிள்ளிக்கொண்டிருக்கிறாள். நீருக்குள் பச்சையும் பழுப்புமான வெளிச்சத்தில் ஒரு கொத்தைக் கிள்ளி, கல்லில் ஒட்டியிருந்த மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சை மறந்து நின்றாள். பிறகு உதைத்து மேலே வந்து, வாயில் தண்ணீரோடேயே, "போன எடுங்கடி, போன எடுங்கடி" என்று கத்தினாள்.

"டாக்டரம்மா, வேர விட்டுட்டு நுனிய மட்டும் கிள்ளிக்கிருங்க," என்றாள். "பாதிய முத்த வைங்க. பாதி அப்படியே கெடக்கட்டும், திரும்பத் தழைச்சிரும்."

"பாதியைத் தனியா வைக்கிறது முடியும்மா," என்றார் டாக்டர் யோசித்து. "பிறகு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றாள் அமலோற்பவம்.

அன்று மாலை தெருவுக்கே கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். ஜெசிந்தா மாமியாரைக் கட்டிக்கொண்டாள். யாரும் எதையும் இழக்கவேண்டியதில்லை என்று ஊர் நிம்மதியாகத் தூங்கப் போனது.

கூழைப் பாதியாகப் பிரித்த மறுநாள் காலையில் சின்ன இன்னாசி எழுந்து, பாயில் உட்கார்ந்து, அடுப்பங்கரையில் நின்ற அமலோற்பவத்தை வெகுநேரம் மரியாதையோடு பார்த்தான். கண், மூக்கு, தலைமுடி எல்லாம் இருந்தன. சுட்டுவிரலில் பழைய தழும்பும் இருந்தது.

"பாட்டி," என்றான், "எங்கம்மா எங்க?"

விளையாடுகிறான் என்று அவள் காதைத் திருகப் போனாள். அவன் அழாமல், அந்நியர் அடித்தால் பிள்ளைகள் நிற்பது போல, சுருங்கி நின்றான். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. இத்தனை மாதமும் அவள் நரையை, சுருக்கத்தை, விழுந்துபோன பற்களை அவன் ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. அவன் பார்த்தது அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன முப்பது வயது அம்மாவை. அந்தப் பார்வை எந்தப் பாதியில் இருந்ததோ அந்தப் பாதி போய்விட்டது.

அன்று முதல் அவன் தேட ஆரம்பித்தான். பாசி வள்ளம் கரையேறும் நேரத்துக்குத் துறையில் போய் நிற்பான். பெண்கள் ஈரத்தோடு இறங்கி, ஒருவரும் சொல்லாமலே, வரிசையாக நின்றுகொடுத்தார்கள். அவன் ஒவ்வொரு முகமாக அண்ணாந்து பார்த்து, வருத்தப்படுத்தாமல் தலையை ஆட்டி, அடுத்தவளிடம் போவான். இளம்பெண்கள் அவன் தங்கள்முன் கொஞ்சம் அதிகமாக நின்றுவிடுவானோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நகர்ந்ததும் ஏனோ அழுதார்கள். தெரு இதையும் பழகிக்கொண்டது. முகம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது என்பது பாசிப்பெண்களின் வேலையில் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

"நீ அந்தக் காலத்துச் சேலையக் கட்டிக்கிட்டு வந்து நில்லுடி," என்றாள் மிக்கேலம்மா. அமலோற்பவம் தலைக்குச் சாயம் பூசினாள். மரப்பெட்டியின் அடியிலிருந்து மஞ்சள் பூப்போட்ட வாயில் சேலையை எடுத்து உதறிக் கட்டினாள். ஜெசிந்தா அவளுக்குப் பின்னல் போட்டு, பவுடர் பூசி, கனகாம்பரம் வைத்துவிட்டாள். வரிசையில் கடைசி ஆளாக நின்றாள். சின்ன இன்னாசி வந்தான், அண்ணாந்து பார்த்தான், சேலையைத் தொட்டுப் பார்த்தான்.

"நீங்க நேத்தும் நின்னீங்கள்ல பாட்டி," என்றான் அவன் அன்பாக. "நீங்க தெனமும் நிக்க வேணாம், வெயிலா இருக்கு."

அந்த வாரமே டாக்டர் கூப்பிட்டார். பிரித்தெடுத்த பாதி முற்றவில்லை என்றார். அணுக்கள் பாதி வழி வரைக்கும் வந்து, வால் முளைக்காமல் அப்படியே நின்றுபோய்விட்டன. அவை ஒன்றுக்கும் ஆகா. எண்ணிக்கை போதவில்லையோ, ஒன்றையொன்று தேடிக்கொண்டனவோ, தமக்குத் தெரியவில்லை. மிச்சப் பாதியில் இன்னொரு தடவை முயலலாம். அதற்குப் பிறகு எதுவும் இருக்காது.

கிள்ளிய இடம் தழைக்கவும் இல்லை. அது பாசி அல்ல.

"விட்ரும்மா," என்றான் பெரிய இன்னாசி. கோபமெல்லாம் போயிருந்தது. "அவன் இருக்கட்டும். தேடிக்கிட்டாவது இருக்கட்டும். எனக்குப் புள்ள வேணாம்." ஜெசிந்தா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் அவளே திறந்து வந்து, ஈரமுகத்தோடு, "அவுக சொல்றதுதான் எனக்கும்" என்றாள்.

அமலோற்பவம் துறைக்குப் போனாள். காலைநேரம், கடல் வற்றிப்போய் ஓரத்துக் கற்கள் தெரிந்தன. சின்ன இன்னாசி ஒரு கவிழ்த்த வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தாள், தொடாமல்.

"அய்யா, உங்கம்மாவக் கடைசியா எங்க பாத்த?"

"ஆஸ்பத்திரில பாட்டி. ஒரு பச்சைக் கதவு இருந்துச்சு. உள்ள போயிட்டு வா, அம்மா இங்கனயே நிக்கிறேன், எங்கயும் போகமாட்டேன்னு சொன்னாக. நான் உள்ள போனேன்." அவன் மணலைக் கிளறினான். "அப்பறம் நான் வெளிய வரவே இல்ல."

அவள் அந்தக் கதவை நினைத்தாள். அவள் நின்றது உண்மை. பசியோடு, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு, சுவரில் சாயாமல் நின்றாள். கதவு திறந்து பிள்ளையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், அவள் கூடவே நடந்தாள். ஆனால் அவள் மனசு அவளோடு வரவில்லை. அது அந்தக் கதவுக்கு வெளியே, உள்ளே போனவன் வருவான் என்று, பத்தொன்பது வருஷமாக நின்றுகொண்டுதான் இருந்தது.

"உங்கம்மா போகலய்யா," என்றாள். "அங்கனதான் நிக்கிறா. நான் பாத்தேன்."

"நெசமாவா?"

"மாதா மேல சத்தியமா. கால் கடுக்க நிக்கிறா. நீதான் போகணும்."

"கோவமா இருக்காகளா?"

"இல்லய்யா. ஒன்ன நெனச்சு ஏங்கிப்போயி இருக்கா."

அவன் உடனே எழுந்துவிட்டான். மணலைத் தட்டிக்கொண்டான். அவள் போனை எடுத்து டாக்டருக்குச் சொன்னாள், குரல் தெளிவாக இருந்தது: வேரையும் எடுத்துக்கங்க. பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். கரையில் பெண்கள் வந்து நின்றார்கள், லியோன் வந்தான், லியோனின் மகன் வந்தான், தலைமையாசிரியை பள்ளிக்கூடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தார், சாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஒருவரும் அழவில்லை, அழுதால் அவன் திரும்பிப் பார்ப்பான். இடுப்பளவு வந்ததும் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். முங்கினார்கள். மரிக்கொழுந்துப் பாசி இரண்டு பக்கமும் விலகிக்கொடுத்தது. அவளுக்கு மூச்சு முட்டும்வரை அவன் கை அவள் கைக்குள் இருந்தது; பிறகு அது குளிர்ந்து, வழுவழுப்பாகி, விரல்களுக்கு நடுவே கரைந்து போனது; கடைசியில் அவள் வெறும் தண்ணீரைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கரையேறியவளைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் ஊர் வாய்விட்டு அழுதது. பெட்டியும் பூவும் இல்லாத சாவு அது. சாமியார், பெரியவனாக ஆள் உயிரோடு இருக்கும்போது ஆத்தும சாந்திப் பூசை வைக்கலாகாது என்றார், ஆனால் மறுநாள் பூசையில் காணாமல்போன பிள்ளைகளுக்காக என்று பொதுவாக ஒரு மன்றாட்டு வைத்தார். தலைமையாசிரியை அந்த வருஷம் முடியும்வரை வகுப்பில் அவன் பெயரைக் கூப்பிட்டார். லியோனின் மகன் பெஞ்சில் பாதி இடத்தை விட்டு உட்கார்ந்தான். சின்ன இன்னாசி முங்கிப்போன கல்லில் பாசி முழங்கால் உயரம் வளர்ந்தது, ஒருத்தியும் கிள்ளவில்லை.

மதுரையில் மிச்சப் பாதி முற்றியது. வால் முளைத்தவை மிகச் சிலவே, அவற்றிலும் நீந்தியவை இன்னும் குறைவு. அதில் ஒன்று போதுமானதாக இருந்தது.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் ஜெசிந்தாவுக்குப் பெண்குழந்தை பிறந்த அன்று சங்குவலசையிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்தார்கள். அவர்கள் எதைத் தேடி வந்திருந்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். துணியை விலக்கிக் காதைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள், மூக்கை, புருவத்தை, உள்ளங்கையைப் பார்த்தார்கள். பிள்ளை ஜெசிந்தாவின் ஆத்தாவை உரித்து வைத்தது போல, அகன்ற நெற்றியும் சின்னக் கண்ணுமாக, யாரையும் கண்டுகொள்ளாமல் கொட்டாவி விட்டது. சின்ன இன்னாசியின் சாயல் எங்கேயும் இல்லை. ஒவ்வொருத்தியாகத் தேடுவதை நிறுத்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். கடைசியாக மிக்கேலம்மாவும் போனாள்.

அமலோற்பவத்தின் கையில் பிள்ளையைக் கொடுத்தார்கள். அவள் வாங்கினாள், பார்க்கவில்லை. பார்த்தால் தானும் தேடிவிடுவோம் என்று பயந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தச் சிறிய கனத்தை வைத்திருந்தாள். பிறகு, "இந்தாடா, நீ வாங்கு, ஒம் மக" என்று பெரிய இன்னாசியிடம் நீட்டினாள்.

அவனுக்குப் பிள்ளையைப் பிடிக்கத் தெரியவில்லை. முழங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் குனிந்தான். தலையைத் தாங்கிக்கொடுக்க அவளும் கிட்டே போனாள்; அப்போது அவன் முகம் அவள் முகத்துக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் இருந்தது. இங்கே ஓர் ஆண்பிள்ளை நின்றுகொண்டிருந்தான். ஐஸ் தின்ற தோல். கண்ணுக்குக் கீழே கருமை. அவன் அப்பாவுக்கு இருந்தது போல மேலுதட்டில் ஒரு மடிப்பு. காதோரம் மூன்று நாலு முடி வெளுத்திருந்தது.

"ஒனக்கு எப்படா நரைச்சுச்சு?" என்றாள் அமலோற்பவம்.

அவன் பிள்ளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரொம்ப நாளாச்சும்மா," என்றான்.